பெயரைச் சொல்லாத தந்தையும் தேடி வந்த மகனும்: ருஸ்தம், கூஹுலின், ஹில்டிபிராண்ட்

பதிவு 1 · வைகைக்கரையான்

நண்பர்களுக்கு வணக்கம். பிர்தௌசியின் ஷா நாமாவை மூன்று வாரங்களாக இரவு நேரத்தில் சிறிது சிறிதாகப் படித்து வருகிறேன். கி.பி. 1010இல் நிறைவு பெற்றதும் ஏறத்தாழ 50,000 ஈரடிகள் கொண்டதுமான அந்தப் பெருநூலில், ருஸ்தம் தன் மகன் சோராபைக் கொல்லும் பகுதியை முடித்த பிறகு மேற்கொண்டு படிக்க முடியாமல் நிற்கிறேன். அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேட்டைக்குப் போன ருஸ்தம் உறங்கும்போது அவனுடைய குதிரை ரக்‌ஷ் களவு போகிறது. அதன் தடத்தைப் பின்பற்றி அவன் சமங்கான் நகருக்குச் செல்கிறான். அங்கே அரசன் மகள் தஹ்மினா அவனை விரும்பி மணக்கிறாள். விடிந்ததும் புறப்படும் அவன், தன் கையிலிருந்த மணியைக் கழற்றிக் கொடுத்து, பெண் பிறந்தால் கூந்தலிலும் ஆண் பிறந்தால் கையிலும் கட்டு என்று சொல்லிச் செல்கிறான். பிறந்தவன் சோராப். வளர்ந்து தந்தையின் பெயரை அறிந்ததும், ஈரானின் அரசனை வீழ்த்தித் தந்தையை அரியணையில் அமர்த்துவேன் என்று படையோடு கிளம்புகிறான். ஈரானுக்குப் பகையான தூரானின் அரசன் அப்ராசியாப், தந்தையும் மகனும் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கட்டளையிட்டுத் தன் ஆட்களை அந்தப் படையோடு அனுப்புகிறான்.

என்னை மிகவும் வருத்தியது போருக்கு முன்னால் வரும் ஒரு காட்சி. சிறைப்பட்ட ஈரானிய வீரன் ஹுஜீரை உயரமான இடத்துக்கு அழைத்துச் சென்று, கீழே தெரியும் கூடாரங்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, இது யாருடையது, அது யாருடையது என்று சோராப் கேட்கிறான். யானைக்கொடி பறக்கும் கூடாரத்துக்கும் சிங்கக்கொடி பறக்கும் கூடாரத்துக்கும் ஹுஜீர் உண்மையான பெயரைச் சொல்கிறான். பச்சைக் கூடாரமும் அதன் முன்னால் பாம்புருவக் கொடியும் பெருங்குதிரையும் தெரியும் இடத்தைக் காட்டிக் கேட்கும்போது மட்டும், சீனத்திலிருந்து புதிதாக வந்த வீரன், பெயர் தெரியாது என்று பொய் சொல்லிவிடுகிறான். ருஸ்தம் இன்னான் என்று தெரிந்தால் இந்த இளைஞன் அவனைக் கொன்றுவிடுவானோ என்ற அச்சம் அவனுக்கு. தாய் சொல்லி அனுப்பிய அடையாளங்கள் எல்லாம் கண்ணெதிரே பொருந்தி நிற்கின்றன; சோராப் திரும்பத் திரும்பக் கேட்கிறான்; பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

களத்தில் அவன் நேரடியாகவே கேட்கிறான்: நீ ருஸ்தமாக இருப்பாய் என்று எனக்குத் தோன்றுகிறது. ருஸ்தம் மறுக்கிறான், ருஸ்தம் பெருவீரன், நான் அவனுக்குக் கீழானவன் என்கிறான். முதல் மற்போரில் மகன் தந்தையைக் கீழே வீழ்த்துகிறான். முதல் வீழ்த்தலில் கொல்வது எங்கள் வழக்கம் இல்லை என்று சூழ்ச்சியாகச் சொல்லித் தப்பிய ருஸ்தம், மறுமுறை அவனைச் சாய்த்ததும் ஒரு கணமும் தாமதிக்காமல் மார்பைக் கீறிவிடுகிறான். என் தந்தை ருஸ்தம் உன்னைச் சும்மா விடமாட்டான் என்று சாகும் தறுவாயில் சோராப் சொல்லும்போதுதான் உண்மை வெளிவருகிறது. கவசத்தின் கட்டுகளை அவிழ்த்துப் பார் என்கிறான் மகன். உள்ளே கையில் அந்த மணி.

என் கேள்வி இதுதான். ஒரே ஒரு சொல், தன் பெயர், அதைச் சொல்லியிருந்தால் இந்தச் சாவு நேர்ந்திருக்காது. ருஸ்தம் அதை ஏன் மறைத்தான்? பிற நாட்டு வீரக்கதைகளிலும் இப்படி உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பதிவு 2 · ஏட்டுச்சுவடி

வைகைக்கரையான் ஐயா அவர்களுக்கு வணக்கம். இந்தக் கதை எனக்கு மிகவும் நெருக்கமானது என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

அயர்லாந்தின் பெருவீரன் கூஹுலின். இளமையில் அவன் போர்க்கலை பயிலக் கடல் கடந்து, ஸ்காஹாக் என்னும் வீரப்பெண்ணிடம் செல்கிறான். அங்கே ஈஃபா என்னும் இன்னொரு வீரப்பெண்ணுக்கும் அவனுக்கும் மகன் உருவாகிறான். பிரியும்போது கூஹுலின் ஒரு பொன்மோதிரத்தைக் கொடுத்து, இது அவன் விரலுக்குப் பொருந்தும் நாளில் என்னைத் தேடி அனுப்பு என்கிறான். கூடவே மூன்று விலக்குகளையும் விதிக்கிறான். மகன் எவருக்காகவும் வழி விலகக் கூடாது, எவருக்கும் தன் பெயரைச் சொல்லக் கூடாது, எவருடைய போர் அழைப்பையும் மறுக்கக் கூடாது. ஆகவே இங்கே பெயரை மறைப்பவன் மகன். மறைக்கச் சொன்னவன் தந்தை.

ஏழு வயதில் அந்த மகன் கொன்லா புறப்படுகிறான். வெண்கலப் படகு, பொன்பூச்சிட்ட துடுப்புகள், படகு நிறையக் கவண் கற்கள். வரும் வழியெல்லாம் பறவைகளைக் கல்லெறிந்து உயிர் போகாமல் வீழ்த்துகிறான். மீண்டும் வானில் பறக்க விடுகிறான். கரையில் நிற்கும், கூஹுலினின் நாடான அல்ஸ்டரைச் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்து வியப்பதற்கு முன்பே அஞ்சுகிறார்கள். பெயர் கேட்டு ஒருவர் பின் ஒருவராக அனுப்புகிறார்கள். அவன் சொல்ல மறுக்கிறான். கடைசியில் கூஹுலின் போகிறான். வாளால் அவன் தலைமயிரை மட்டும் சிறுவன் மழித்துவிடுகிறான். மற்போரில் இரு கற்களின் மேல் ஏறி நிற்கும் அந்தச் சிறுவனின் கால்கள், கணுக்கால் வரை கல்லுக்குள் புதைகின்றன. கடலுக்குள் இறங்கிப் பொருதும்போது இருமுறை தந்தையை நீருக்குள் அமிழ்த்துகிறான். அப்போது கூஹுலின், நீருக்கடியில் காலால் செலுத்தப்படும் கே பொல்கா என்ற ஈட்டியைப் பயன்படுத்துகிறான். ஸ்காஹாக் அந்தக் கலையை அவன் ஒருவனுக்கு மட்டுமே கற்றுக்கொடுத்தவள். குடல் சரிந்த நிலையில் கொன்லா சொல்வது, இதை அவள் எனக்குக் கற்றுத் தரவில்லையே என்பதுதான்.

இனி ஜெர்மானியக் கதை. ஹில்டிபிராண்டின் பாடல் 68 அடிகள் மட்டுமே கிடைத்துள்ளது. கி.பி. 830ஐ ஒட்டி, ஃபுல்டா மடத்தைச் சேர்ந்த ஒரு சமயநூல் சுவடியின் முதல் ஏட்டின் முன்பக்கத்திலும் கடைசி ஏட்டின் பின்பக்கத்திலும், வெற்றாகக் கிடந்த இடத்தில், இரண்டு கைகள் இதை எழுதியிருக்கின்றன. இடம் தீர்ந்ததும் பாட்டு நின்றுவிட்டது. கசல் நகரில் இருந்த அந்தச் சுவடி 1945இல் களவு போய், ஓர் ஏடு 1955இலும் மற்றோர் ஏடு 1972இலும் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தன.

இதில் முப்பது ஆண்டுகள் வெளிநாட்டில் அலைந்து திரும்பும் முதிய வீரன் ஹில்டிபிராண்ட், இரு படைகளுக்கு நடுவே எதிரில் நிற்கும் இளைஞனின் தந்தை பெயரைக் கேட்கிறான். என் தந்தை ஹில்டிபிராண்ட், அவர் இறந்துவிட்டார் என்று கடலோடிகள் சொன்னார்கள் என்கிறான் ஹதுபிராண்ட். முதியவன், உன் நெருங்கிய உறவினன்தான் எதிரே நிற்கிறேன் என்பதை உணர்த்தித் தன் கையிலிருந்த பொன்வளையங்களை நீட்டுகிறான். ஹூணர் அரசன் அளித்த பொன் அது. அதனாலேயே மகன் அவனைக் கிழட்டு ஹூணன் என்றும், ஆசைகாட்டி அருகே அழைத்து ஈட்டியால் எறியப் பார்க்கும் வஞ்சகன் என்றும் முடிவு செய்துவிடுகிறான். பரிசைக் கையால் வாங்கக் கூடாது, ஈட்டி முனையால்தான் வாங்க வேண்டும் என்கிறான். ஐயோ, என் பிள்ளை என்னை வெட்ட வேண்டும் அல்லது நான் அவனுக்குக் காலனாக வேண்டும் என்று தந்தை புலம்புகிறான். ஆயினும் ஆயுதத்தை எடுக்கிறான். கேடயங்கள் சிதையும் இடத்தில் பாட்டு அறுந்துவிடுகிறது. வடநாட்டு நோர்ஸ் மொழியில் வழங்கும் ஹில்டிபிராண்டின் சாவுப் பாடலிலிருந்துதான் அவன் தன் மகனைக் கொன்றான் என்று அறிகிறோம்.

உங்கள் கேள்விக்கு இந்த மூன்றாவது கதை இடையூறாக வந்து நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். இங்கே தந்தை தன்னை மறைக்கவில்லை. மகன்தான் நம்பவில்லை.

பதிவு 3 · கூத்துப்பிள்ளை

இருவருக்கும் நன்றி. என் தந்தையார் தெருக்கூத்தில் வேடம் கட்டியவர். சிறு வயது முதல் பாரதக் கதைகளைத் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

அருச்சுனனுக்கும் அவன் மகன் பப்புருவாகனனுக்கும் நடந்த போரை யாரும் குறிப்பிடவில்லை. வேள்விக் குதிரையின் பின்னால் அருச்சுனன் மணலூருக்கு வருகிறான். வட நூல்கள் மணிபுரம் என்று சொல்லும் அந்த ஊரைத் தென்னாட்டுப் பாடங்கள் பாண்டிய நாட்டோடு சேர்த்துச் சொல்கின்றன. வில்லிபாரதத்தில் பப்புருவாகனனைப் பெற்ற சித்திராங்கதை பாண்டியன் மகள். தாய்வழிப் பாட்டனின் நாட்டுக்கு வாரிசாக வளர்ந்த மகன், தந்தை வந்திருக்கிறார் என்று அறிந்து காணிக்கைகளோடு வணங்கி எதிர்கொள்கிறான். அருச்சுனன் சினக்கிறான். படையோடு வந்தவனை இப்படிப் பணிந்து வரவேற்பது அரச குலத்தவனுக்கு அழகா என்று பெற்ற மகனைப் பலர் முன்னால் ஏசுகிறான். நாககன்னி உலூபி நிலத்தைப் பிளந்து வந்து, போர் செய், உன் தந்தை அதைத்தான் விரும்புகிறார் என்று தூண்டுகிறாள். போரில் தந்தை வீழ்கிறான். மகன் மயங்கிச் சாய்கிறான். பீடுமனைச் சிகண்டியை முன்னிறுத்தி வீழ்த்தியதால் வசுக்கள் இட்ட சாபம் இந்த வழியாகத்தான் தீர வேண்டியிருந்தது என்று உலூபி விளக்கி, மணியால் அருச்சுனனை எழுப்புகிறாள்.

இங்கே இருவருக்கும் எல்லாம் தெரியும். பெயர் தெரியும், உறவு தெரியும், வணக்கமும் முடிந்துவிட்டது. இருந்தும் போர் நடக்கிறது. ஆகவே பெயர் தெரிந்திருந்தால் சாவு நேர்ந்திருக்காது என்று வைகைக்கரையான் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஷா நாமா பற்றி ஒரு சொல். ஈரானில் நக்காலி என்ற கதைசொல்லும் கலை உண்டு. கையில் ஒரு கோலோடு, ஒரே ஆள் எல்லாக் குரல்களிலும் பேசி நடித்துச் சொல்வார். பாதுகாக்க வேண்டிய மரபாக 2011இல் யுனெஸ்கோ அதை அறிவித்தது. தேநீர் அருந்தக் கூடும் கூடங்களில் பல நாள் நீளும் அந்தக் கதையில், சோராப் சாகும் நாளன்றுதான் கூட்டம் நெருக்கும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் கர்ண மோட்சம் நடக்கும் இரவை நான் நினைத்துக்கொள்கிறேன். விடியும் நேரத்தில், அம்புபட்டுக் கிடக்கும் கர்ணனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு குந்தி ஒப்பாரி வைக்கும்போது, முன்வரிசையில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்த கிழவிகள் எழுந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கூடவே அழுவார்கள். முடிவு எல்லோருக்கும் தெரியும். மகனே என்று அவள் ஊரறியச் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்காகவே இரவெல்லாம் காத்திருந்தவர்கள் அவர்கள்.

பதிவு 4 · நெய்தல்

நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஹில்டிபிராண்ட் நீட்டிய பொன்வளையத்தைப் படித்ததும் எழுதத் தோன்றிற்று.

என் தந்தை வளைகுடா நாட்டில் வேலை செய்தார். எனக்கு நினைவு தெரிந்து அவர் முதன்முறையாக வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஆறு வயது. அம்மா தினமும் காட்டிய புகைப்படத்தில் மீசையும் அடர்ந்த முடியும் இருந்தன. வந்தவருக்கு இரண்டும் இல்லை. பையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து நீட்டினார். நான் அதை வாங்காமல் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, இந்த மாமா எப்போது போவார் என்று கேட்டேன். நீட்டிய கையை அவர் உடனே மடக்கவில்லை. அடையாளமாகக் கொடுக்கப்படும் பொருளே ஐயத்துக்குக் காரணமாகிவிடும் என்பதை அந்தப் பழம்புலவன் எப்படி அறிந்தான் என்று வியக்கிறேன்.

பதிவு 5 · வைகைக்கரையான்

நெய்தல் அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நன்றி.

கூத்துப்பிள்ளை அவர்கள் சொன்னதை ஏற்று என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். அதற்குக் காரணமும் உண்டு. நேற்றிரவு ஷா நாமாவின் அந்தப் பகுதியை முதலிலிருந்து மீண்டும் படித்தேன். முதல் வாசிப்பில் கண்ணில் படாமல் போன ஓர் இடம் இப்போது பட்டது.

தூரானிலிருந்து ஓர் இளைஞன் வந்திருக்கிறான், பார்த்தால் உங்கள் பாட்டனார் சாம் மீண்டும் பிறந்து வந்ததுபோல் இருக்கிறது என்று ருஸ்தமுக்குக் கடிதம் வருகிறது. அவன் சிரித்துக்கொண்டே வியக்கிறான். சமங்கான் அரசன் மகளிடம் எனக்கு ஒரு மகன் இருக்கிறான், ஆனால் அவன் இன்னும் சிறு பிள்ளை, பொன்னும் மணியும் அனுப்பினேன், பால்மணம் மாறாத வாயால் மது அருந்துகிறான் என்று அவன் தாய் சொல்லியனுப்பினாள், போர் செய்யும் வயது அவனுக்கு இன்னும் வரவில்லை என்று தானே சொல்கிறான். அதன் பிறகு உடனே புறப்படாமல் நாள்கணக்கில் விருந்தும் மதுவுமாகக் கழிக்கிறான். அரசன் காவூஸ் சினம் கொள்ளும் அளவுக்குத் தாமதிக்கிறான்.

தன் மகன் என்ற எண்ணம் அவனுக்கு முதலில் வந்தது. அவனே அதைத் தள்ளிவிட்டான். களத்திலும் இதுவே நடக்கிறது. இரண்டாம் நாள் காலையில் சோராப், ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டு அமர்ந்து பேசுவோம், என் நெஞ்சம் உன்பால் இழுக்கிறது என்று அழைக்கிறான். மற்போர் செய்யத்தானே நேற்றுப் பேசினோம் என்று மறுத்துவிடுகிறான் தந்தை.

ஏட்டுச்சுவடி அவர்களே, கூஹுலினுக்கு இப்படி ஏதேனும் முன்னறிவு உண்டா?

பதிவு 6 · ஏட்டுச்சுவடி

உண்டு, ஐயா. முந்தைய பதிவில் எழுதாமல் விட்டது என் பிழை. கூஹுலின் கரைக்குக் கிளம்பும்போது அவன் மனைவி ஏமர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தடுக்கிறாள். போகாதே, அங்கே நிற்பவன் உன் மகன், ஒரே மகனைக் கொன்றுவிடாதே என்கிறாள். ஏமர் அந்தப் பிள்ளையைப் பெற்றவள் அல்லள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அவன் சொல்லும் மறுமொழி: பெண்ணே, அவனாகவே இருந்தாலும் அல்ஸ்டரின் மானத்துக்காக அவனைக் கொல்வேன். போர் முடிந்ததும் மகனின் உடலைத் தூக்கிவந்து, அல்ஸ்டர் மக்களே, இதோ என் மகன் என்று அவர்கள் முன்னால் கிடத்துகிறான்.

ருஸ்தம், கூஹுலின், ஹில்டிபிராண்ட் மூவருக்கும் போருக்கு முன்பே உண்மை ஏதோ ஒரு வழியில் வந்து சேர்ந்துவிடுகிறது. ருஸ்தமுக்குத் தன் நினைவாகவும், கூஹுலினுக்கு மனைவியின் சொல்லாகவும், ஹில்டிபிராண்டுக்கு மகன் வாயிலிருந்தே வந்த பெயராகவும் வருகிறது. இந்த ஒற்றுமையை இந்த இழையில்தான் நானும் முதன்முறையாகச் சேர்த்துப் பார்க்கிறேன்.

பதிவு 7 · கரிசல்மண்

எல்லோரும் தந்தையின் நெஞ்சுக்குள் தேடுகிறீர்கள். நான் அரசனைப் பார்க்கச் சொல்கிறேன்.

மார்பு கிழிந்து கிடக்கும் சோராபைக் காப்பாற்ற மருந்து ஒன்று இருக்கிறது. நோஷ்தாரு என்று பெயர். காவூஸின் கருவூலத்தில் இருக்கிறது. ருஸ்தம் ஆள் அனுப்பிக் கேட்கிறான். காவூஸ் மறுக்கிறான். அவன் கணக்கு தெளிவானது: இப்படிப்பட்ட மகன் பிழைத்துத் தந்தையோடு சேர்ந்துவிட்டால் என் அரியணை என்ன ஆகும்? ருஸ்தம் தானே புறப்பட்டுப் போகிறான். வழியிலேயே மகன் இறந்த செய்தி வந்துவிடுகிறது. அந்தப் பக்கம் அப்ராசியாப், இந்தப் பக்கம் காவூஸ். ஒன்றோடொன்று ஓயாது போரிடும் இரு அரசுகளுக்கும் இந்த ஒன்றில் மட்டும் நலன் ஒன்றாக இருக்கிறது. அந்தத் தந்தையும் மகனும் சேரக் கூடாது.

அதே நூலில் பின்னால் வரும் இஸ்ஃபந்தியார் கதையையும் படியுங்கள். ருஸ்தம் கையால் மகன் சாவான் என்று சோதிடர் வாயால் தெரிந்துகொண்ட அரசன் குஷ்தாஸ்ப், அரியணையைக் கேட்ட அந்த மகனை ருஸ்தமைக் கட்டி இழுத்துவரச் சொல்லி அனுப்புகிறான். சீமுர்க் என்ற பெரும்பறவை காட்டித் தந்த மரக்கிளையில் செய்த அம்பு கண்ணில் பாய்ந்து இஸ்ஃபந்தியார் மடிகிறான். அம்பை எய்தவன் ருஸ்தம். கொன்றவன் குஷ்தாஸ்ப் என்று சாகும்போது மகனே சொல்லிவிடுகிறான். கொன்லாவின் கதையில் மட்டும் அரசன் இப்படிச் சூழ்ச்சி செய்வதில்லை. நாட்டின் மானம் என்ற சொல் அந்த இடத்தில் நிற்கிறது.

பதிவு 8 · முல்லைக்கொடி

கூத்தாண்டவர் கதையையும் இதில் சேர்க்கலாமா? அரவானும் அருச்சுனன் மகன்தான். அவனும் போருக்காகவே பலியானவன்.

பதிவு 9 · கூத்துப்பிள்ளை

முல்லைக்கொடி அவர்களுக்கு: அரவான் களப்பலி வேறு வகையைச் சேர்ந்தது. அங்கே தந்தையும் மகனும் எதிரெதிரே நிற்பதில்லை. மகன் தானாக முன்வந்து தன்னைக் கொடுக்கிறான். கூவாகத்தில் சித்திரை மாதத்தில் தாலி அறுத்து அழுகிறவர்கள் மணமகனுக்காக அழுகிறார்கள். அதற்கென்று தனி இழையே தொடங்கலாம். இங்கே கலந்தால் இரண்டும் தெளிவில்லாமல் போகும்.

பதிவு 10 · ஏட்டுச்சுவடி

கரிசல்மண் அவர்களின் கருத்து வலுவானது. அதோடு பழைய ஓர் ஆராய்ச்சியையும் சேர்க்க விரும்புகிறேன். மரே ஆந்தனி பாட்டர் என்பவர் 1902இல் இந்த ஒரு கதைக்கருவை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு தனி நூல் வெளியிட்டார். குலத்துக்கு வெளியே மணம் செய்யும் வழக்கமும் குழந்தை தாயின் வீட்டிலேயே வளரும் வழக்கமும் இருந்த காலத்தின் நினைவு இக்கதைகளில் தங்கியிருக்கிறது என்பது அவருடைய கருத்து. தாய்வழிச் சமூகம் பற்றி அக்காலத்தில் பேசப்பட்ட பெருங்கொள்கைகளை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் கதைகளுக்குள் இருக்கும் ஓர் உண்மையை அவர் சரியாகவே பிடித்தார்: சோராப் தூரான் பக்கத்தவன், கொன்லா கடலுக்கு அப்பாலிருந்து வந்தவன், பப்புருவாகனன் தாய்வழிப் பாட்டனின் வாரிசு. தந்தையின் இரத்தமும் தாயின் நாடும் ஒருவனிடத்தில் சேர்ந்திருப்பதால்தான் அவனை எங்கே வைப்பது என்று எவருக்கும் தெரியவில்லை.

ஈரானியர், அயர்லாந்தினர், ஜெர்மானியர் எல்லோரும் தொல்பழங்காலத்து ஒரே மொழிக்குடும்பத்தின் கிளைகள் என்பதால், கதையும் ஒரே வேரிலிருந்து வந்தது என்று சொல்வாரும் உண்டு. ருஷ்ய நாட்டுப் பாடல்களில் இலியா முரோமெத்ஸ் தன் மகன் சொக்கோல்னிக்கைக் கொல்வதும் இந்தக் கூட்டத்தில் சேரும். ஆனால் அங்கே தந்தை மகனை அறிந்து அணைத்து அனுப்பிவிடுகிறார். மகன்தான் தாயைக் கொன்றுவிட்டுத் திரும்பி வந்து, உறங்கும் தந்தையைக் குத்துகிறான். மார்பிலிருந்த பொற்சிலுவை அவரைக் காக்கிறது. அந்த வடிவம் எனக்கு உவப்பில்லை. மகனைக் கெட்டவனாக்கிவிட்டால் துயரம் குறைந்துவிடுகிறது.

பதிவு 11 · கடல்வழியன்

ஒரே வேர் என்ற கருத்துக்கு ஒரு தடை சொல்கிறேன். தாய்லாந்தின் ராமகியனில், ராமரைப் பாதாளத்துக்குக் கடத்திச் சென்ற மையராப்பைத் தேடி அனுமன் இறங்கும்போது, தாமரைக் குளத்தருகே மீன்வாலோடு ஒரு வெள்ளைக் குரங்கு வழிமறிக்கிறது. இருவரும் நெடுநேரம் பொருதும் வெற்றி தோல்வி இல்லை. நீ யார் என்று அனுமன் கேட்கிறார். என் தாய் சுவன்னமச்சா, தந்தை அனுமன் என்கிறான் மச்சானு. நான்தான் அனுமன் என்றால் அவன் நம்பவில்லை. விண்மீன்களையும் திங்களையும் வாயிலிருந்து வெளிவிடுபவரே உன் தந்தை என்று தாய் சொல்லியிருக்கிறாள். அனுமன் வாய் திறந்து கொட்டாவி விடுகிறார். விண்மீன்களும் திங்களும் வானத்தில் பரவுகின்றன. மகன் காலில் விழுகிறான்.

அதற்குப் பின் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். வளர்த்த மையராப்புக்கும் பெற்ற அனுமனுக்கும் நடுவே நிற்கும் மச்சானு, வழியை வாய்விட்டுச் சொல்லாமல், நீங்கள் வந்த வழியில் தாமரையைப் பாருங்கள் என்று குறிப்பாக மட்டும் சொல்கிறான். தாமரைத் தண்டின் வழியே அனுமன் இறங்கிச் செல்கிறார். வளர்ப்புத் தந்தைக்கு அவன் செய்நன்றி கொல்லவில்லை. பெற்ற தந்தையைத் தடுக்கவும் இல்லை. நம் மயில்ராவணன் கதையிலும் அனுமன் தன் மகனைப் பாதாள வாயிலில் காவலனாகச் சந்திக்கிறார். அங்கும் போருக்கு நடுவே உறவு தெரியவருகிறது. அனுமன் கேட்ட கேள்விக்கு விடை சொல்வதால் தன் வீரம் குறைந்துவிடும் என்று மச்சானு நினைக்கவில்லை. அவன் கேட்ட அடையாளத்தைக் காட்ட அனுமனும் தயங்கவில்லை. ருஸ்தமால் முடியாமல் போனது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

பதிவு 12 · வைகைக்கரையான்

கடல்வழியன் அவர்களுக்கு நன்றி. ஐயம் கொண்ட மகனுக்காக வானத்தையே வாயிலிருந்து எடுத்துக் காட்டிய தந்தையை நான் இதுவரை அறிந்திருக்கவில்லை.

பிர்தௌசி இந்தக் கதைக்கு நடுவே தானே குரல் எழுப்பும் ஓர் இடம் உண்டு. கடலில் மீனும் வெளியில் காட்டுக்கழுதையும்கூடத் தன் குட்டியைத் தெரிந்துகொள்கின்றன; மனிதன் மட்டும் வருத்தத்தாலும் பேராசையாலும் மகனையும் பகைவனையும் பிரித்தறிய முடியாதவனாக இருக்கிறான் என்று சொல்கிறார். பேராசை என்று அவர் சொல்லும்போது காவூஸையும் சொல்கிறார் என்றே கரிசல்மண் அவர்களின் பதிவைப் படித்த பிறகு எனக்குத் தோன்றுகிறது. ஆனால் போர் தொடங்கும் அந்தக் கணத்தில் அங்கே காவூஸ் இல்லை. இரண்டு பேர்தான் நிற்கிறார்கள்.

பிர்தௌசியின் வாழ்க்கையிலிருந்து ஒன்று. தமக்கு 65 வயது ஆனபோது 37 வயது மகனை இழந்ததை அந்த நூலிலேயே வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறார். போக வேண்டிய முறை என்னுடையது, நீ முந்திக்கொண்டாயே என்று கேட்கிறார். கதைக்கும் அந்தப் புத்திர சோகத்துக்கும் முடிச்சுப் போட நான் விரும்பவில்லை. ஆயினும் இரண்டு பக்கங்களையும் ஒரே இரவில் படிக்க நேர்ந்தது.

பதிவு 13 · நெய்தல்

தஹ்மினாவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. மகன் இறந்த செய்தி அவளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

பதிவு 14 · வைகைக்கரையான்

அம்மா, பல சுவடிகளில் வரும் ஒரு பகுதி அதைச் சொல்கிறது. பிற்காலத்தவர் சேர்த்தது என்று சில பதிப்பாசிரியர்கள் அதை ஒதுக்கியும் இருக்கிறார்கள். சோராபின் குதிரையைக் கொண்டுவரச் செய்து, அதன் தலையை மார்போடு அணைத்து, குளம்புகளில் முகத்தைத் தேய்த்து அழுகிறாள். அவன் உடுத்திய உடையை ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் கையில் ஏந்திக்கொள்கிறாள். ஓராண்டு கழித்து அவளும் இறந்துபோகிறாள்.

பதிவு 15 · ஏட்டுச்சுவடி

நெய்தல் அவர்கள் கேட்டதால், இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அறுந்துபோன ஹில்டிபிராண்ட் பாட்டுக்குப் பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மன் மக்கள் அதே கதையை வேறு முடிவோடு பாடினார்கள். ஆராய்ச்சியாளர்கள் இதைப் பழைய பாட்டுக்கு ஈடாக மதிப்பதில்லை. எனக்கு இதன்மேல் தனி அன்பு உண்டு.

இதில் இருவரும் பொருதுகிறார்கள், முதியவன் வெல்கிறான், கழுத்தில் கத்தி வைக்கும் முன் பெயரைக் கேட்கிறான், மகன் சொல்லிவிடுகிறான். முதியவன் தலைக்கவசத்தைக் கழற்றி அவன் வாயில் முத்தமிடுகிறான். இருவரும் வீட்டுக்கு வருகிறார்கள். தாய் ஊட்டே, பிடித்துவந்த கைதியை ஏன் மேசையின் தலைமை இடத்தில் அமர்த்துகிறாய் என்று மகனைக் கடிந்துகொள்கிறாள். முப்பத்திரண்டு ஆண்டுகளாகக் காணாத கணவனின் முகம் அவளுக்கும் அடையாளம் தெரியவில்லை. அம்மா, இவர் என் தந்தை, இவரை மதித்துப் பேசுங்கள் என்கிறான் மகன். அவள் மதுக்கிண்ணத்தை ஏந்தி அவனிடம் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவன் வாய்க்குள் ஒரு பொன்மோதிரம் இருந்தது. அதை அந்தக் கிண்ணத்துக்குள் விழவிட்டான்.